கொழும்பில் பல்லாண்டுப் பூப்பாத்தி: இரண்டாம் ஆண்டில் என்ன மாறும், என்ன செய்யவேண்டும்

பல்லாண்டுப் பூச்செடி மூன்றாம் ஆண்டில்தான் நிறைந்து நிற்கும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. கொழும்புக்கு அது பொருந்தாது. இங்கே இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. வேர் உறங்குவதற்கென்று ஒரு மாதமும் கிடையாது. அதனால் நட்டுப் பன்னிரண்டு மாதம் கடந்த பாத்தியில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்: கல்வாழை பக்கத்துக் கன்றை விழுங்கும், ஜேர்பெரா மண்ணுக்குள் அமிழும், பட்டிப்பூ விறகாகும், போன வருடம் பூத்துக் கொட்டிய இடத்தில் வெறும் இலை நிற்கும்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்வது நேர்சரிக்குப் போய் இன்னும் பத்துக் கன்று வாங்கி இடைவெளியில் செருகுவது. அது வேண்டாம். இரண்டாம் ஆண்டுக்குத் தேவை பார்த்துப் பழகிய கண்ணும், ஒரு கொப்பியும், கூரான மண்வெட்டியும். எந்தக் கன்று எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிட்டால், உள்ளதைப் பிரித்தும் இடம் மாற்றியுமே பாத்தியை நிறைத்துவிடலாம்.

எப்படிப் பார்ப்பது

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, காலை எட்டு மணியளவில், ஒரே இடத்தில் நின்று பாத்தியைப் படம் எடுங்கள். நிற்கும் இடத்தை ஒரு கல்லாலோ மதிலில் போட்ட கோட்டாலோ குறித்துவையுங்கள். இடமும் நேரமும் மாறினால் படங்களை ஒப்பிட முடியாது. பாத்தி பத்தடிக்கு மேல் நீளமென்றால் இரண்டு படம்.

படம் உயரத்தையும் நிறத்தையும் காட்டும், பரவலைக் காட்டாது. அதற்கு அளவுநாடா வேண்டும். கூட்டமாக வளரும் கல்வாழை, ஹெலிகோனியா, சிலந்தி லில்லி, டே லில்லி ஆகியவற்றின் குறுக்களவை மண்மட்டத்தில் இரண்டு திசையிலும் அளந்து, எத்தனை முளை என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். குறுக்களவு கூடிக்கொண்டே போய்ப் பூந்தண்டின் எண்ணிக்கை குறைந்தால், அந்தக் கூட்டம் நெருக்கமாகிவிட்டது. குறுக்களவு அசையாமல் இலை மட்டும் சிறுத்தால் கோளாறு வேரில் அல்லது நிழலில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. அளவெடுக்காதவர்கள் இரண்டுக்குமே பசளை போடுகிறார்கள்.

கொப்பியில் எழுதவேண்டிய மற்றவை: முதல் மொட்டு வந்த திகதி, பூத்து ஓய்ந்த திகதி, பெருமழைக்குப் பின் தண்ணீர் தேங்கிய இடம், தானாக முளைத்த நாற்றுகள் எதன் அருகில் என்பது. கடைசியாகச் சொன்னது முக்கியம். நாலுமணிப்பூ, பட்டிப்பூ, கனகாம்பரம் மூன்றும் விதை சிந்தி முளைப்பவை. கனகாம்பரத்தின் காய்ந்த காய் ஈரம் பட்டதும் வெடித்து விதையைத் தூர எறியும். ஆகவே முதல் மழைக்குப் பிறகு மூன்று வாரத்துக்குக் களை பிடுங்கும்போது கையை அடக்குங்கள். நான்கு இலை வந்த பிறகு அடையாளம் காண்பது எளிது. கோரை மட்டும் விதிவிலக்கு, அதைக் கண்ட அன்றே கிழங்கோடு தோண்டி எடுக்கவேண்டும். மேலே பிடுங்கினால் கீழே உள்ள கிழங்குச் சங்கிலி இன்னும் நாலு முளை விடும்.

வெயில் இடம் மாறும்

போன வருடம் நன்றாகப் பூத்தது இந்த வருடம் ஏன் பூக்கவில்லை என்பதற்குப் பாதித் தடவை விடை வெயிலில் இருக்கிறது. கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். அதன் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். மீதி மாதங்களில் தெற்கிலிருந்து விழும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஆறடி மதில் ஒன்று டிசம்பர் கடைசியில், நண்பகலில், தன் வடபக்கத்தில் மூன்றரை அடிக்கு நிழல் போடும். ஜூன் கடைசியில் அதே மதில் தென்பக்கத்தில் ஒன்றே முக்கால் அடிக்கு நிழல் போடும். இருபதடி உயர மாடி வீடென்றால் டிசம்பரில் வடக்கே பதினொன்றரை அடி, ஜூனில் தெற்கே ஆறடி. அதாவது வீட்டின் வடபக்கத்துப் பாத்தி மே முதல் ஓகஸ்ட் வரை நல்ல வெயிலிலும், நவம்பர் முதல் ஜனவரி வரை நிழலிலும் நிற்கும். மே மாதம் நட்டுவிட்டு "இங்கே நல்ல வெயில்" என்று முடிவு கட்டியவருக்கு டிசம்பரில் கன்று மெலிந்து நீள்வது புதிராக இருக்கும்.

கொழும்பில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே வருடத்தில் பக்கத்து வளவில் மாடி எழும்பிவிடும், மாமரம் மூன்றடி விரிந்துவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டின் ஜூனிலும் டிசம்பரிலும் ஒவ்வொரு நாள் ஒதுக்கி, காலை 8, 10, 12, பிற்பகல் 2, 4 மணிக்கு எந்தெந்தக் கன்றில் வெயில் படுகிறது என்று குறியுங்கள். இரண்டு நாளிலும் குறைந்தது ஐந்து மணி நேரம் வெயில் படும் இடம் கல்வாழை, செவ்வரத்தை, வெட்சி, பென்டாஸ் போன்றவற்றுக்கு. மூன்று முதல் ஐந்து மணி நேரம் கிடைத்தால் கனகாம்பரம், ஹெலிகோனியா, சிலந்தி லில்லி. அதற்கும் குறைவென்றால் வேறு பூவை எதிர்பார்க்காமல், நிழலிலும் பூக்கும் அந்தூரியம், இலையழகுச் செடிகள் என்று போவதே நல்லது. மேற்கு வெயில் மட்டும் படும் சுவரோரம் கடினமான இடம். சீமெந்துச் சுவர் இரவுவரை சூடு விடும். அங்கே பத்துமணிப்பூவும் காகிதப்பூவும் தாங்கும், ஜேர்பெரா தாங்காது.

மண் தாழ்ந்துவிடும்

முதல் ஆண்டில் போட்ட கூட்டெரு இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் மக்கி முடிந்திருக்கும். பாத்தியின் ஓரக் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மண்மட்டம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். தழைச்சத்தையும் பொட்டாசியத்தையும் மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். கீழ் இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இலையின் விளிம்பு மட்டும் கருகினால் பொட்டாசியம் குறைவாக இருக்கலாம். கடற்கரைப் பக்கமென்றால் உப்புக்காற்றும் அதே கருகலைத் தரும். கடலைப் பார்த்த பக்கத்து இலை மட்டும் கருகியிருந்தால் அது உப்பு.

மேலுரமாகக் கூட்டெரு போடுங்கள், ஆண்டுக்கு இரண்டு முறை: மார்ச் கடைசியில், செப்டெம்பர் நடுவில். பத்தடி நீளம் நாலடி அகலப் பாத்திக்கு இரண்டு அங்குலம் போட ஏறத்தாழ 190 லீற்றர் வேண்டும். 50 கிலோ அரிசிச் சாக்கால் மூன்று சாக்கு. செடியின் கழுத்தை, அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தை, சுற்றி மூன்று அங்குலம் விட்டுப் பரப்பவேண்டும். கழுத்தில் ஈரக் கூட்டெரு குவிந்தால் மே மழையில் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். மேலே காய்ந்த இலைச் சருகு அல்லது கிளிசிரிடியா இலை ஓரடுக்கு மூடினால் பெருமழை மண்ணை அறைந்து இறுக்காது.

எந்த மண் என்பதையும் பாருங்கள். நுகேகொடை, மஹரகம பக்கம் கபுக்கல் செம்மண், புளிப்புத்தன்மை கூடியது. அங்கே புளிப்பைத் தணிக்க ஆண்டுக்கு ஒருமுறை சதுர மீற்றருக்கு 100 கிராம் டொலமைட் சுண்ணாம்புத்தூள் தூவலாம். மேலே சொன்ன பாத்திக்கு 400 கிராம் போதும். கூட்டெரு போடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தூவிவிடுங்கள். வெட்சி நிற்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். மதிலோர வெட்சியின் இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறினால், சீமெந்துக் கழிவால் மண் காரமாகி இரும்புச்சத்து எடுபடவில்லை என்று அர்த்தம். சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து கன்றை மதிலிலிருந்து இரண்டடி தள்ளி நடுவதே நிலையான தீர்வு.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோரம் மணல் கூடிய மண். அங்கே சத்து நிற்காது, ஆகவே ஒரே தடவையில் மூன்று சாக்குப் போடுவதைவிட ஒவ்வொரு சாக்காக மூன்று தடவை போடுங்கள். ராஜகிரிய, கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பை நிரப்பிய காணிகளில் பிரச்சினை தண்ணீர். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்காவிட்டால் பாத்தியை ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்தாமல் எந்தப் பசளையும் உதவாது.

மரவேரையும் சந்தேகிக்கவேண்டும். பாத்தியோரத்தில் மண்வெட்டியை ஓரடி இறக்கிப் புரட்டுங்கள். மயிர்போல வேர்ப்பின்னல் வந்தால் பக்கத்து மா அல்லது பலா உங்கள் கூட்டெருவைச் சாப்பிடுகிறது. மரத்துப் பக்க ஓரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓரடி ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டிவிட்டால் போதும். விரலளவு தடித்த வேரை வெட்டவேண்டாம்.

பரவுகிறவற்றைப் பிரித்தல்

இரண்டாம் ஆண்டின் பெரிய வேலை இதுதான். கொழும்பில் பிரிப்பதற்கு நல்ல காலம் இரண்டு: முதல் இடிமழை விழுந்த பின் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை, பின்னர் செப்டெம்பர் நடு முதல் ஒக்டோபர் முதல் வாரம் வரை. மண் ஈரமாகவும், அடுத்த நாலைந்து வாரம் மழை இருக்கும் என்ற நிலையிலும், பெருமழை இன்னும் தொடங்காமலும் இருக்கவேண்டும். மே மாதத்திலும் நவம்பரிலும் பிரித்த கிழங்கு வெட்டுக்காயத்தில் தண்ணீர் புகுந்து அழுகும். பெப்ரவரியில் பிரித்தால் வாடும்.

கல்வாழை ஒரு வருடத்தில் இரண்டடிக் கூட்டமாகிவிடும். நடுப்பகுதி பழைய கிழங்கால் நிறைந்து, புதுமுளை எல்லாம் வெளி ஓரத்துக்குப் போயிருக்கும். பிரிப்பதற்கு முந்தைய நாள் நன்றாக நனையுங்கள். தண்டுகளை ஓரடி விட்டு வெட்டிவிட்டு, கூட்டத்தைச் சுற்றி ஆறு அங்குலம் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, அலவாங்கால் கிளப்புங்கள். மண்ணை உதறி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண் இருக்கும்படி கூரிய கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் சாம்பல் தொட்டு ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். பிறகு மூன்று நான்கு அங்குல ஆழத்தில், ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளியில், கண் மேலே பார்க்க நடவேண்டும். ஓரத்து இளம் துண்டை மட்டும் வையுங்கள். நடுவில் உள்ள பழைய கிழங்கு கூட்டெருக் குழிக்கு. இலையில் செம்மஞ்சள் புள்ளித் தூள் இருந்தால் அது துருநோய், அந்த இலைகளைக் கூட்டெருவில் சேர்க்காமல் அப்புறப்படுத்துங்கள்.

கல்வாழையிலும் ஹெலிகோனியாவிலும் ஒரு தண்டு ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டாமல் விடுவதே பாத்தி அடர்ந்து பூ குறைவதற்குப் பெரிய காரணம். பூ உலர்ந்ததும் மண்மட்டத்தில் வெட்டுங்கள். வெளிச்சம் உள்ளே இறங்கி அடுத்த முளைக்கு இடம் கிடைக்கும்.

கிளிமூக்குபோல் சிறு பூ விடும் குட்டை ஹெலிகோனியாவுக்கு வேலி இல்லாமல் முடியாது. அதன் நிலத்தடித் தண்டு எல்லாத் திசையிலும் ஓடும். பழைய தகரத்தை ஓரடி மண்ணுக்குள்ளும் இரண்டு அங்குலம் மேலேயும் நிற்கும்படி சுற்றிப் புதையுங்கள். மேலே நிற்கும் விளிம்பை மண்ணால் மூடினால் தண்டு அதன் மேலால் ஏறித் தாண்டிவிடும். பிரித்து நடும்போது ஆறு அங்குலத்தில் வெட்டிய ஒரு பழைய தண்டும் அதன் அடியில் ஒரு முளையும் சேர்ந்த துண்டு வேண்டும். முளை மட்டும் தனியாக எடுத்தால் பெரும்பாலும் பிழைக்காது.

டே லில்லியை விசிறிபோல் நிற்கும் இலைக்கட்டு இரண்டு மூன்று சேர்ந்த துண்டுகளாகக் கையால் பிரித்து, இலையை ஆறு அங்குலத்துக்கு வெட்டி நடுங்கள். சிலந்தி லில்லியில் பூண்டுகள், அதாவது வெங்காயம்போன்ற கிழங்குகள், ஒன்றோடொன்று முட்டி மண்ணுக்கு மேலே தெரியத் தொடங்கினால் பிரிக்கலாம், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் விடலாம். நிலசம்பங்கிக்குத் தெரிவு வேண்டும்: கூட்டத்தைக் கிளப்பினால் பெரியதும் சிறியதுமாக வரும், குறுக்களவு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பூண்டுதான் அடுத்த தடவை பூக்கும். சின்னவற்றைத் தனிச் சட்டியில் வளரவிடுங்கள்.

ஜேர்பெராவின் வேர் சுருங்கிக் கன்றைக் கீழே இழுக்கும் இயல்புள்ளது. ஒரு வருடத்தில் கழுத்து மண்ணுக்குள் போய்விடும், மழையில் அங்கே அழுகல் பிடிக்கும். ஏப்ரலில் கிளப்பி, இரண்டு மூன்றாகப் பிரித்து, வேரை ஐந்து அங்குலத்துக்கு வெட்டி, கழுத்து மண்மட்டத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கும்படி திரும்ப நடுங்கள். நடும்போது சற்று உயரமாகத் தெரிவது சரிதான், மண் அமர்ந்ததும் சமப்படும்.

எதைப் பிரித்தாலும் முதல் பத்து நாள் நிழல் வேண்டும். ஓலைக் கீற்று ஒன்றைத் தெற்கும் மேற்கும் சாய்த்துக் குத்தினால் போதும். அந்தப் பத்து நாளும் பசளை கிடையாது.

குறுகிய ஆயுள் உள்ளவை

பல்லாண்டு என்று பெயர் இருந்தாலும் சில செடிகளுக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். பட்டிப்பூ இரண்டாம் ஆண்டில் அடிவிறகாகி, நுனியில் மட்டும் பூக்கும், கனமழையில் ஒரு கிளை கறுத்து இரண்டு நாளில் முழுச்செடியும் சாயும். இது மண்ணில் வாழும் நோய்க்கிருமியின் வேலை. சாய்ந்த செடியை வேரோடு எடுத்தபின் அதே குழியில் மறுபடி பட்டிப்பூ நடவேண்டாம். வடிகால் நல்ல வேறிடத்தில் தானாக முளைத்த நாற்றை நட்டால் போதும். ஆனால் கலப்பினச் செடியின் விதை தாயின் நிறத்திலேயே வரும் என்று எண்ணவேண்டாம்.

பென்டாஸ் மூன்றடிக்கு மேல் நீண்டு நடுவில் மொட்டையாகும். மார்ச் கடைசியில் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய நுனிகளில் பூ இல்லாத நாலு அங்குலத் துண்டுகளைத் தெரிந்து, கீழிலை இரண்டை நீக்கி, மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்த சட்டியில் குத்தினால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். தாய்ச்செடி தளிர்க்காவிட்டால் மாற்றுக்கு இவை இருக்கும். கனகாம்பரத்துக்கும் இதே முறை. ஆனால் அது இலை சிறுத்து மஞ்சளாகி, பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழு. அப்படிப்பட்ட செடியிலிருந்து பதியனோ மண்ணோ எடுக்கவேண்டாம். அந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி எனப்படும் துலுக்கச் சாமந்தியை, டாகெட்டிஸ் என்று விதைப் பைக்கற்றில் இருக்கும், நெருக்கமாக நட்டு அங்கேயே மண்ணில் புரட்டினால் வட்டப்புழு குறையும்.

நுவரெலியாவிலிருந்து ஆசைப்பட்டுக் கொண்டுவந்த டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் இந்த ஆண்டு ஏமாற்றினால் உங்கள் கை குற்றமில்லை. 1,800 மீற்றருக்கு மேலான குளிரில் பழகிய செடிகள் அவை. கொழும்பின் இரவு அவற்றுக்குச் சூடு. அந்த இடத்தை விடுவித்துவிடுங்கள்.

தொடாமல் விடவேண்டியவை

மழை லில்லி நெருக்கத்தில்தான் நன்றாகப் பூக்கும். சில நாள் காய்ந்து பின் மழை விழுந்தால் ஒரே வீச்சில் மலரும். இரண்டாம் ஆண்டில் அதைப் பிரிப்பது வீண். பெரிய பூண்டுள்ள விஷமூங்கில் லில்லியும் வேர் கலைந்தால் ஒரு வருடம் பூக்காமல் கோபிக்கும். வெட்சியையும் நந்தியாவட்டையையும் கிளப்பவேண்டாம், கத்தரிக்கோல் மட்டும் போதும்: வெட்சி கிளை நுனியில் பூப்பது, ஆகவே ஒரு பூப்பருவம் ஓய்ந்த உடனே மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் நுனிகள் பெருகும். துளிர் முற்றும் நேரத்தில் வெட்டினால் வரப்போகும் பூவை வெட்டுகிறீர்கள். செவ்வரத்தை புதுக்கிளையில் பூக்கும், அதை மார்ச் கடைசியில் மூன்றில் ஒன்று குறைக்கலாம்.

சாமிக்குத் தினமும் பூப் பறிக்கும் வீடுகளில் செடி விதை கட்டாமல் தொடர்ந்து பூப்பதைக் கவனித்திருப்பீர்கள். பறிக்காத வீடுகளில் வாடிய பூவைக் காயாகுமுன் கிள்ளிவிட்டால் அதே பலன் கிடைக்கும். நாற்று வேண்டிய செடியில் மட்டும் இரண்டு மூன்று காயை விடுங்கள்.

மாத ஓட்டம்

ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைவு. நாற்பது சதுர அடிப் பாத்திக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 95 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் ஒன்பது பத்து, இரண்டு தடவையாகப் பிரித்துக் காலையில் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். மார்ச் கடைசியில் வெட்டு, மேலுரம். ஏப்ரலில் பிரித்தல், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னே முடித்தால் நல்லது. மே, ஜூனில் தென்மேல் பருவக்காற்று. உயரச் செடிக்கு மூங்கில் ஊன்றுங்கள், மண்ணை மிதிக்காதீர்கள், பசளை போடாதீர்கள். ஜூலை, ஓகஸ்ட் பூப் பார்க்கும் காலம். மாட்டெரு ஒரு கிலோவைப் பத்து லீற்றரில் ஒரு வாரம் ஊறவைத்து வடித்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். செப்டெம்பரில் இரண்டாம் பிரித்தல். ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பீலித் தண்ணீர் பாத்தியில் நேரே விழாமல் திருப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர் ஒரே மழையில் கழுத்துகளைத் தோண்டி வெளியே தள்ளிவிடும்.

அடர்ந்த பாத்தியில் வருகிறவை

முதலாண்டில் வெட்டவெளியாக இருந்த பாத்தி இப்போது நிழலும் ஈரமும் உள்ள மறைவிடம். பெரிய ஆபிரிக்க நத்தை அங்கே தங்கும். இருட்டியபின் டோர்ச்சோடு போய்க் கையுறையோடு பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், அது மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைக் காவக்கூடியது. அந்த உப்புத்தண்ணீரைப் பாத்திப் பக்கம் கொட்டக்கூடாது. ஒரு மழைவாரம் முழுவதும் தினமும் பொறுக்கினால் தொகை நன்றாகக் குறையும். ஒரு நாள் பொறுக்கி விட்டுவிடுவதால் பயனில்லை.

செவ்வரத்தை நுனியில் வெள்ளைப் பஞ்சாக வெண்மூட்டுப்பூச்சி வந்தால் அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். மீதியில் வேகமான தண்ணீர்த் தாரை அடியுங்கள், பிறகு லீற்றருக்கு ஐந்து மில்லிலீற்றர் மென்மையான திரவச் சோப்புக் கலந்து மாலையில் தெளியுங்கள். கடும் நஞ்சு வேண்டாம். 2008இல் கொழும்பு, கம்பஹாப் பக்கம் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி பெருகியபோது அதை அடக்கியது ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். நஞ்சு அப்படிப்பட்டவற்றை முதலில் கொல்லும். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள், பூச்சியைக் காத்து நிற்பது அதுதான்.

டெங்கு இருக்கும் ஊர் இது. சட்டித் தட்டு, இலைக்கக்கத்தில் தண்ணீர் ஏந்தும் புரோமெலியாட், கிண்ணம்போல மேல்நோக்கிய மடலுள்ள பெரிய ஹெலிகோனியா எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்து அல்லது தாரை அடித்து வெளியேற்றுங்கள். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும்.

மதிலைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் பூ விடும் சிங்கப்பூர் டெய்சியும் உண்ணிச்செடியும் இலங்கையில் ஆக்கிரமிப்புத் தாவரங்கள். வெட்டிய துண்டை வெளியே எறிந்தாலும் டெய்சி வேர் விடும். பாத்தியில் இருந்தால் இந்த ஆண்டே முழுதும் எடுத்து, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வாடவிட்டபின் அப்புறப்படுத்துங்கள்.

மாடி வீட்டுச் சட்டிகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிகளில் பன்னிரண்டு அங்குலச் சட்டியில் வளர்ப்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டு என்பது வேர் சுற்றும் ஆண்டு. ஊற்றிய தண்ணீர் உடனே அடியால் ஓடினால் கன்றைச் சட்டியோடு கவிழ்த்து எடுங்கள். வெளிவேரில் ஓரங்குலத் தடிப்பைச் சுற்றிலும் அடியிலும் சீவி, மண், கூட்டெரு, தும்புத்தூள் சமபங்கு கலந்து மறுபடி அதே சட்டியில் நடலாம். தும்புத்தூளை முன்பே இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழியவேண்டும், அதில் உப்பு இருக்கும். கடல்காற்று அடிக்கும் பல்கனியில், மழையில்லாத வாரங்களில் இரண்டு தடவை இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வேர் சீவிய கன்றின் மேற்பகுதியையும் மூன்றில் ஒன்று வெட்டவேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் வேரால் இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

மிஞ்சிய கன்றுகள்

ஒரு பாத்தியைப் பிரித்தால் நட இடமில்லாத அளவுக்குக் கன்று மிஞ்சும். எல்லாவற்றையும் பாத்தியிலேயே செருகினால் அடுத்த ஏப்ரலில் இதே நெருக்கம் திரும்ப வரும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு துண்டை ஆறு அங்குலக் கறுப்புப் பையில் நட்டு நிழலில் மூன்று வாரம் வையுங்கள். பாத்தியில் நட்டது மே மழையில் அழுகினால் அதே வகையை ஜூலையில் வைக்க இவை இருக்கும். மீதியை அயலவருக்கோ கோயில் நந்தவனத்துக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது பையில் பூவின் நிறத்தையும் எத்தனை மணி நேர வெயில் வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வேரில் முடிச்சோ இலையில் துருவோ கண்ட செடியின் துண்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.